துணைக் கேள்வி

சட்டமன்ற உறுப்பினர் என்றால் எங்கள் ஊரில் பொருள் வேறு. சாலை போட்டுத் தருபவர், திருமணத்திற்கு வந்து வாழ்த்துபவர், மனு வாங்கிக்கொள்பவர். அவையில் எழுந்து கேள்வி கேட்பதும் அவர் வேலை என்பதை அரசியல் அறிவியல் வகுப்புக்கு வந்த பிறகே அறிந்தேன். அங்கும் 'கேள்வி நேரம்' ஐந்து மதிப்பெண் வினாவோடு முடிந்துவிட்டது. (ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!) பழைய மக்களவை நடவடிக்கைகளைத் தேடிப் படித்தபோதுதான் அதன் சுவை தெரிந்தது.

மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு உரியது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாக விடை கூறவேண்டும். குறியில்லாததற்கு எழுத்தில் விடை வரும். கேள்வியைப் பதினைந்து நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். ஆகவே, அதிகாரிகள் எழுதித் தந்ததை அமைச்சர் அமைதியாகப் படித்துவிடுவார். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவனுக்கு என்ன பயம்? ஆனால் அடுத்து வருகிறதே துணைக் கேள்வி, அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. "அப்படியானால்…" என்று ஓர் உறுப்பினர் தொடங்கும்போதுதான் உண்மையான தேர்வு.

1957-இல் நடந்ததைப் பாருங்கள். முந்திய ஆண்டுதான் நாட்டுடைமையாகியிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 25 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவைக்கூடக் கலந்துகொள்ளவில்லை. அவையில் கேள்வி எழுந்தது; கிடைத்த விடை மழுப்பலாக இருந்தது. விட்டாரில்லை பெரோஸ் காந்தி. டிசம்பர் 16 அன்று அவையில் அந்தக் கணக்கை விரித்து வைத்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன் வேறு! நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், நம் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பதவி விலகினார். பிற்பாடு அவர் மீண்டும் அமைச்சரானது தனிக்கதை.

இதைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். நெல் விற்ற பணத்தில் அவர் முதலில் எடுத்து வைப்பது காப்பீட்டுத் தவணையைத்தான். அந்தப் பணம் யாருடைய பங்குகளை வாங்கப் போகிறதென்று அவர் எங்கே போய்க் கேட்பார்? அவருக்காக டெல்லியில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அமைச்சர்களுக்கும் தப்பிக்க வழி தெரியும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்பார்கள். நாம் விடுதியில் கேட்டுப் பழகிய "பார்க்கலாம் தம்பி" போன்றதுதான். ஆனால் மக்களவையில் அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. 1953-இலேயே அரசு உறுதிமொழிக் குழு என ஒன்று ஏற்பட்டது. அத்தகைய சொற்களை அது உறுதிமொழியாகக் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் நிறைவேறியதா என்று பார்க்கும். தாமதங்கள் ஏராளம், எனினும் அமைச்சர் சொன்ன வார்த்தை ஏட்டில் நிற்கிறது.

இந்த ஒரு மணி நேரம் கூச்சலில் கரைந்துபோகும் நாட்களே இப்போது அதிகமோ என்று தோன்றுகிறது. அமளி செய்பவர் படம் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. கணக்குக் கேட்பவர் படம் வருவதில்லை. 2020 செப்டம்பரில், கொரோனாக் காலக் கூட்டத்தொடரில், கேள்வி நேரமே கைவிடப்பட்டது. எழுத்து விடைகள் வழக்கம்போல் வந்தன. துணைக் கேள்விக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.