நிக்கிற வண்டி

மின்னசோட்டாவுல குளிர் ஆரம்பிக்கிற நேரமா பாத்து ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கின புத்திசாலி அடியேன்தான். அதாங்க, படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. தங்கமணி ஒரு வாரம் பேசலை :)

வாங்கினது அப்பாவுக்காக. 30 வருஷம் பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்தவர். ஜூன்ல இங்க வர்றப்போ அதுல படுத்துக்கிட்டே ஊர் சுத்தணும்னு ஆசை.

நவம்பர்ல போன்ல சொன்னார்: "ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டியைத்தான்டா கவனிக்கணும்." சரிப்பான்னு வச்சுட்டேன். இஞ்சினியருக்கே பாடமாங்கற நெனப்பு!

முதல் எதிரி தண்ணி. உறைஞ்சா சுமார் 9 சதவீதம் விரியும், குழாயைப் பொளந்துடும். அதனால டேங்க், ஹீட்டர் எல்லாத்தையும் காலி பண்ணினேன். ஹீட்டரை பைபாஸ்ல போட்டேன், இல்லைன்னா அதுவே 6 கேலன் ஆன்டிஃப்ரீஸைக் குடிச்சுடும். அப்புறம் ரோஸ் கலர் ஆன்டிஃப்ரீஸை பம்ப்ல ஏத்தி, ஒவ்வொரு குழாயிலயும் ரோஸா வர்ற வரைக்கும் திறந்துவிட்டேன். (கார் ரேடியேட்டருக்கு ஊத்துற எத்திலீன் கிளைக்கால் விஷம். அதை இதுல ஊத்திடாதீங்க சாமிகளா.) டாய்லெட், சிங்க் அடியில வளைஞ்சிருக்கிற குழாய்னு ஒண்ணையும் விடலை.

அப்படின்னு நினைச்சேன்.

ஏப்ரல்ல தண்ணி கனெக்‌ஷன் குடுத்தா, தரையெல்லாம் ஈரம். வண்டிக்கு வெளிப்பக்கம் ஒரு குட்டிக் கதவு, அதுக்குள்ள கால் கழுவ ஒரு ஷவர். அதை மறந்தே போயிட்டேன். வால்வு வெடிச்சு, சுவருக்குள்ள ஒழுகி, பிளைவுட் ஊறிப்போச்சு. பேட்டரியும் உப்பிக் கிடந்துச்சு. கழட்டாம விட்டதுல கேஸ் டிடெக்டர் கொஞ்சம் கொஞ்சமா சார்ஜை உறிஞ்சிடுச்சு. முழு சார்ஜ்ல இருந்தா பேட்டரிக்கு இந்த ஊர் குளிர் தூசு. சுத்தமா இறங்கிட்டா மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைஞ்சுடும்.

பயந்துக்கிட்டே அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு பாத்தா, "விடு, நான் வந்து பாத்துக்கறேன்"னார். வந்தார். வீட்டு வாசல்ல பத்து நாள் முட்டி போட்டு தரைப்பலகை மாத்தினார். நான் ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கிற பையன். ஊர் சுத்தினது நாலே நாள்தான்.

இப்போ ரெண்டாவது குளிர்காலம். முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை போன்ல "சாப்பிட்டியா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்"னு முடிஞ்சுடும். இப்போ,

"வெளி ஷவர்?"

"ஆச்சுப்பா."

"பேட்டரி?"

"கழட்டி உள்ள வச்சுட்டேன். மாசம் ஒருதடவை சார்ஜ் போடறேன்."

"எலி?"

"ஓட்டையெல்லாம் ஸ்டீல் வுல் வச்சு அடைச்சாச்சு."

"டயர்ல காத்து?"

அரை மணி நேரம் ஓடுது. டயர்ல காத்து பாத்தாச்சுதான். ஆனாலும் அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.