இரண்டு வள்ளங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பெண் பார்ப்பதைக் காட்டிலும் வள்ளம் பார்ப்பது கடினம் என்பார் என் பாட்டி. பெண்ணுக்குச் சொந்தபந்தம் உண்டு. நாலு இடத்தில் விசாரித்து அறியலாம். வள்ளத்தின் குணமோ கடலில் இறங்கிய பிறகுதான் தெரியும். அதற்குள் காசு கைமாறியிருக்கும். இவ்வாண்டு கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுத்தான் நடந்தது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், துறைமுகம் இல்லாத ஒரு சிற்றூர் எங்களுடையது. மணற்கரையிலிருந்தே வள்ளத்தைத் தள்ளி, அலை கடந்து தொழிலுக்குச் செல்ல வேண்டும். தாத்தா கட்டுமரக்காரர். அப்பா தொழிலுக்கு வந்தபோது பிளைவுட் வள்ளங்கள் வந்துவிட்டன. 1980களில் முட்டத்தில் கட்டப்பட்ட அத்தகைய வள்ளங்கள்தாம் எங்கள் பக்கத்தில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. இப்போது ஃபைபர். எங்கள் பழைய பிளைவுட் வள்ளத்தின் அடிப்பலகை, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, ஒட்டின்மேல் ஒட்டு நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது. வங்கியில் இருந்த சிறு தொகை, அம்மாவின் மகளிர் குழுக் கடன், அடகுக்குப் போன ஒரு சங்கிலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு வள்ளம் வரும். இரண்டாவது முறை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை.

இரண்டு பட்டறைகளில் விலை பேசினோம். இரண்டும் 28 அடி வள்ளங்கள். இரண்டும் அச்சில் கண்ணாடியிழைப் பாய் விரித்து, ரெசின் தடவி, கையாலேயே வார்ப்பவை. தூரத்தில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். முதல் பட்டறை வள்ளம் அகலத்தில் மூன்று அங்குலம் கூடுதல், விளிம்பு நான்கு அங்குலம் உயரம், பாய் இரண்டு அடுக்கு அதிகம். விலையும் இருபத்தையாயிரம் அதிகம். இரண்டாவது சற்று ஒடுங்கியது, இலேசானது. அம்மா முதல் வள்ளத்தின் பக்கம். அப்பா இரண்டாவதின் பக்கம். அண்ணன் யாருடன் பேசுகிறானோ அவர் பக்கம்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஊரில் பாதிப் பேர் அதைப் பற்றியே பேசினார்கள். எங்களிடம் ஏற்கெனவே 9.9 குதிரைத்திறன் கொண்ட மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின் இருக்கிறது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம். எந்த வள்ளம் வாங்கினாலும் இதே எஞ்சின்தான். நீர்மட்டத்தில் 26 அடி நீளமுள்ள படகு தன் அலையோடு மல்லுக்கட்டாமல் செல்லக்கூடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 6.8 கடல்மைல் என்பது ஒரு பழைய சூத்திரம். நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும். நீளம் ஒன்றானால் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே “எது பறக்கும்?” என்று கேட்ட நண்பர்களுக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் எஞ்சினின் தண்டு நீளமானது. 20 அங்குல உயரப் பின்பலகைக்கு ஏற்றது. முதல் வள்ளத்தின் பின்பலகை சரியாக 20 அங்குலம். இரண்டாவது 15 அங்குலம்தான். அப்படியே மாட்டினால் விசிறி ஐந்து அங்குலம் அதிகமாக நீருக்குள் இறங்கும். கரையேறும்போது மணலைக் கிண்டும். பலகையை உயர்த்தித் தருவதாக மேஸ்திரி ஒப்புக்கொண்டார். உயர்த்துவது வேறு வகையிலும் நல்லதே. கரை நோக்கி வரும்போது பின்னால் துரத்தும் அலைதானே உள்ளே குதிக்கிறது!

அம்மாவின் வாதத்திற்கு வருகிறேன். அது வாதமன்று, அச்சம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது என் தாய்மாமன் கடலில் இருந்தார். கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு இரண்டு இரவுகள் கிடந்து மீண்டார். உடன் சென்ற மூவரில் ஒருவர் திரும்பவில்லை. அன்று முதல் அம்மாவுக்கு உயர்ந்த விளிம்புள்ள வள்ளம்தான் வள்ளம். “காசு போனா சம்பாதிக்கலாம்” என்று அம்மா சொல்லும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

இரு பட்டறைகளின் அச்சிலும் வார்த்த வள்ளங்கள் எங்கள் ஊரில் ஓடுகின்றன. கடல் அமைதியாக இருந்த ஒரு மாலையில் உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, வகுப்பில் படித்த ஒன்றைச் செய்து பார்த்தேன். ஒரு மீட்டர் நூலில் தூக்குக்குண்டு கட்டி வள்ளத்தின் நடுவே தொங்கவிட்டேன். எழுபது கிலோ எடையுள்ள என் அண்ணன் நடுவிலிருந்து அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து நின்றான். ஒடுங்கிய வள்ளத்தில் குண்டு எட்டு சென்டிமீட்டர் விலகியது, அகன்றதில் ஆறு. மூன்று அங்குல அகலத்திற்கு இவ்வளவு வேறுபாடா என்று வியந்தேன். அகலத்தின் மும்மடிப் பெருக்கம் உறுதிநிலைக் கணக்கில் வருவதால் அப்படித்தான் இருக்கும் என்று பிறகு புத்தகம் சொன்னது. கரையில் நின்ற பெரியவர் ஒருவர், “நூல் கட்டித்தான் தெரியணுமா? கால் வச்சாலே தெரியுமே” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

ஆக, அம்மா சரி. அப்படியானால் அப்பா ஏன் இலேசான வள்ளத்தை விடாமல் பற்றி நின்றார்? விலை மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஃபைபர் தகட்டின் அடர்த்தி நீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 25 சதுர மீட்டர் பரப்புள்ள வள்ளத்தில் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புக் கூடினால் 75 கிலோ கூடும். இலேசான வள்ளம் 700 கிலோ என்று மேஸ்திரி சொன்னார். அப்படியானால் மற்றது 775. கடலில் இந்த 75 கிலோ ஒன்றுமே இல்லை. வள்ளம் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும், அவ்வளவே.

ஆனால் எங்கள் வள்ளம் நாளில் பாதி நேரம் மணலில் அல்லவா கிடக்கிறது? ஈர மணலில் உராய்வுக் கெழுவை 0.4 என்று வைத்துக்கொண்டேன். ஓர் ஆள் 35 கிலோ எடை அளவுக்கு விசை கொடுப்பதாகக் கொண்டேன். 700 கிலோ வள்ளத்தைத் தள்ள எட்டுப் பேர் வேண்டும். 775 கிலோவுக்கு எட்டுப் பேர் போதாது, ஒன்பதாவது ஆள் வேண்டும்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். தாத்தா காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு இருபது பேர் வருவார்களாம். இன்று எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களில் பலர் வளைகுடா நாடுகளில் மீன்பிடிப் படகுகளுக்குப் போய்விட்டனர். விடியுமுன் கரையில் தேறும் கைகளை எண்ணித்தான் தொழில் நடக்கிறது. கல்லூரிக்குப் புறப்படுமுன் நானும் தினமும் வள்ளம் தள்ளிவிட்டே பேருந்து ஏறுகிறேன். மூன்றாம் மணி நேர வகுப்பில் நான் கண்ணயர்ந்தால் பேராசிரியர் பொறுத்தருள்க!

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. விரல்விட்டு எண்ணினார். தாம், அண்ணன், சித்தப்பா, சித்தப்பாவின் இரு பிள்ளைகள், பக்கத்து வள்ளத்து மூவர். “எட்டுப் பேரு தேறும் மக்களே. ஒம்பதுக்கு எங்க போவ?” என்றார்.

நான் அந்த எட்டில் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து “நானும் இருக்கேன்லா?” என்றேன். “நீ பி.எஸ்சி. முடிச்சா எம்.எஸ்சி. போவ. அப்புறம் எங்கயோ வேலைக்குப் போவ. இந்த வள்ளம் பத்து வருசம் கெடக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைத்தார். மேற்படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் பேசியதில்லை. நானே பேசியதில்லை. அம்மா அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு காசைப் பற்றியும் விளிம்பைப் பற்றியும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் அச்சத்துக்கும் ஒரு வழி வேண்டுமே! அப்போதுதான் தாத்தா சொல்வது நினைவுக்கு வந்தது: கட்டுமரம் கவிழும், மூழ்காது. அதில் நீர் தங்கப் பள்ளம் இல்லை, மரமே மிதவை. இலேசான வள்ளத்தின் முன்னணியத்தில் ஒரு சிறு காற்றறை இருந்தது. ஆனால் வெறும் அறை; ஓர் இடத்தில் விரிசல் கண்டால் நீர் புகுந்துவிடும். அதை நுரையால் நிரப்பி, பின்புறமும் ஓர் அறை கட்டினால் என்ன? நீரில் மூழ்கிய ஃபைபர் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கை இழக்கும். 700 கிலோ வள்ளத்தில் தாங்க வேண்டியது ஏறத்தாழ 220 கிலோதான். எஞ்சினுக்கு ஒரு 40 சேர்த்தால் 260. இரண்டு அறைகளிலும் சேர்த்து 400 லிட்டர் நுரை இருந்தால், நீர் நிரம்பிய வள்ளமும் மிதந்து, நால்வர் பற்றிக்கொள்ள இடம் கொடுக்கும். நுரையின் எடையோ பதினாறு கிலோ அளவுதான். எட்டுப் பேரும் சற்றே கூடுதலாகத் தள்ளினால் போதும். செலவும் அந்த இருபத்தையாயிரத்துக்குள் அடங்கியது.

மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். இதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார். அம்மா நேரில் போய்க் கேட்டபின் ஒப்புக்கொண்டார். அறைகளை மூடுமுன் தாம் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒரு நிபந்தனையும் போட்டார்.

ஆடி கழிந்து வள்ளம் கைக்கு வரும். முன்பணம் கொடுத்தாயிற்று, நிறம் நீலம் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். சென்ற சனிக்கிழமை பட்டறையிலிருந்து ஆள் வந்து சொல்ல, அம்மா பேருந்தில் போய்ப் பார்த்து வந்தார். இரண்டு அறைகளிலும் கையை விட்டு, மூலை வரை நுரை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாராம். பின்னறையில் ஓர் ஓரம் காலியாக இருந்திருக்கிறது. அதையும் நிரப்பச் செய்து, இறுகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மூடலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.