‘உன்ஹைல்பார்’ என்னும் அடைமொழி

செருமானிய மருத்துவ நூல்களிற் பயின்றுவரும் அடைமொழிகளுள் ‘உன்ஹைல்பார்’ என்பதும் ஒன்று. ‘ஹைலன்’ என்றால் குணப்படுத்துதல். ‘பார்’ என்னும் ஈறு ‘இயலும்’ என்று பொருள்படும். முன்னிற்கும் ‘உன்’ அதனை மறுக்கும். குணப்படுத்த இயலாத என்பதே சொல்லின் நேர்ப்பொருள்.

தமிழில் ‘தீராத’ என்னும் எச்சம் எப்பெயருக்கு முன் நின்றாலும் உருமாறுவதில்லை. செருமானிய அடைமொழியோ, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்கேற்ப ஈறு பெறும். நோயைக் குறிக்கும் ‘கிராங்க்ஹைட்’ பெண்பாற்சொல். அதன்முன் ‘உன்ஹைல்பாரெ’ என வரும். பயனிலையாகும்போது ஈறு இல்லை. மற்றோர் அடைமொழியைச் சிறப்பித்து நிற்கும்போதும் அவ்வாறே.

இப்பிற்கூறிய விதிக்குச் சான்றாகும் தொடரொன்று வரலாற்றில் கொடிய இடம் பெற்றது. 1939 செப்டம்பர் 1 எனத் தேதியிடப்பட்டு, உண்மையில் அக்டோபரில் இட்லர் கையொப்பமிட்ட கடிதத்தில் ‘உன்ஹைல்பார் கிராங்கன்’ எனும் சொற்கள் உள்ளன. குணப்படுத்த இயலாதவாறு நோயுற்றோர்க்குக் ‘கருணைச் சாவு’ வழங்க மருத்துவர்க்கு அக்கடிதம் இசைவளித்தது. மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் நேரிற் காணாமலே, படிவங்களைப் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்தனர். ஹாடமார், ஹார்ட்ஹைம் முதலிய ஆறு இடங்களில், 1941 ஆகஸ்டுக்குள் 70,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் மாண்டனர். ஆயர் கேலன் அம்மாதம் 3ஆம் நாள் மூன்ஸ்டரில் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அம்மாத இறுதியில் நச்சுவாயுக் கொலை நிறுத்தப்பட்டபோதும், பட்டினியாலும் மருந்தாலும் கொல்வது 1945 வரை தொடர்ந்தது.

அச்சொல் உண்மையில் எதனை அளக்கிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காசநோய்க் கிருமியை 1882இல் ராபர்ட் கோக் கண்டறிந்தார். எனினும் அந்நோயை ஒழிக்கும் மருந்து அன்று இல்லை. 1943இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்தளித்ததால் அந்நோய் தீர்வதாயிற்று. நோய் மாறவில்லை; மருத்துவனின் ஆற்றலே மாறிற்று. ஆகவே ‘பார்’ என்னும் ஈறு குணப்படுத்துவோனின் இயலாமையையே உரைக்கிறது. நோயுற்றவனின் தகுதியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த இயலாமையை நோயாளியின் குற்றமாக்கியதே அன்று நிகழ்ந்த கொடுமை.

இன்றும் செருமானியர் இத்தொடரை வழங்குகின்றனர். நோயைத் தீர்க்க இயலாத நிலையில், வலியைத் தணித்து இறுதிவரை உடனிருக்கும் மருத்துவத்தைப் பற்றிப் பேசுகையில் அது வருகிறது. தீர்க்க முடியாதோர்க்கும் செய்யவேண்டிய பணி உண்டு என்று உணர்ந்தோர் வாயில் அச்சொல் வழங்குவதே முறையாகும்.