பீச்சாங்கையால் ஒரு படம்

ஏப்ரல் 14க்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் மாலைநேர மையத்தில் படம் வரையத் தெரிந்த ஒரே தோழர் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. சுவரொட்டி வரைய ஆளில்லை. "இடது கை சும்மாதானே இருக்கு" என்று அவர் கரித்துண்டை எடுத்தார். அவர் மட்டும் கோணல்மாணலாக வரைந்து வெட்கப்பட வேண்டாமே என்று நாங்களும் பிள்ளைகளும் இடது கைக்கு மாறினோம்.

"அய்யே, பீச்சாங்கை!" ஒரு பையன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் அந்தச் சொல் உறுத்தியது. நம் உடம்பைக் கழுவிவிடுகிற கை அது. அதனாலேயே அதில் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, இலையில் படக் கூடாது. சுத்தம் செய்கிறவர் தலையிலேயே அசுத்தத்தை ஏற்றுகிற இந்தக் கணக்கை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பிள்ளைகள் தங்கள் கையைப் பார்த்தே முகம் சுளித்தார்கள். நாங்கள் மட்டும் என்ன? சமூகவியலில் முதுகலை முடித்தும், கடைக்காரரிடம் இடது கையால் காசு நீட்ட இன்றும் கூசுகிறது.

பென்சில் சரிப்படவில்லை. விரல்கள் இறுகி வலித்தன, மெல்லிய கோடு நடுக்கத்தையெல்லாம் காட்டிக்கொடுத்தது. கரியும் பெரிய தாளும்தான் தோது. தாளைத் தரையில் ஒட்டிவிட்டு, விரலை மறந்து தோளிலிருந்து கையை வீச வேண்டும். தயக்கம் போக இன்னொரு வழி: இரண்டு கையிலும் சாக்பீஸ் பிடித்து, கரும்பலகையில் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே நேரத்தில் ஒரு குடம் வரையுங்கள். வலது கை போகிற போக்கில், கண்ணாடியில் தெரிவதுபோல இடது கையும் தானாக வளைந்து வரும்.

ஐந்தாம் நாள் அண்ணல் அம்பேத்கரை எடுத்தோம். வலது கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடும்: கோட்டு, கண்ணாடி, நீட்டிய விரல், புத்தகம். இடது கைக்கு அந்தப் பாடம் எதுவும் மனப்பாடமில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் புகைப்படத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. அவருடைய கடைசி ஆண்டுகளில் எடுத்த படம். கண்ணுக்குக் கீழே சதை தொங்குகிறது, கன்னம் தளர்ந்திருக்கிறது. சர்க்கரை நோயோடு அவர் மல்லுக்கட்டியதைப் படித்திருக்கிறோம், கூட்டங்களில் பேசியும் இருக்கிறோம். பத்து வருடமாகச் சுவரில் ஒட்டிய முகத்தில் இவ்வளவு களைப்பு இருந்ததை அன்றுதான் பார்த்தோம். எங்கள் படம் கோணலாகத்தான் வந்தது. அதையே ஒட்டினோம்.

ஒரு பிள்ளையின் தாளில் மட்டும் கோடு கொஞ்சமும் நடுங்கவில்லை. ஏழாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். "நீ வலது கையிலதானே எழுதுவே?" என்று கேட்டோம்.

"சின்ன வயசுல ஸ்கூல்ல அடிச்சு மாத்திட்டாங்க அக்கா."

நாங்கள் ஐந்து நாளாகப் பெருமையோடு செய்துகொண்டிருந்த பயிற்சியை அவள் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள், பிரம்பின் கீழ். ஓவியர் பால் க்ளே இடது கையால் வரைந்து வலது கையால் எழுதியவர் என்று சொன்னோம். அவள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சுவரொட்டி காய்ந்துகொண்டிருந்தபோது அவளாகவே கேட்டாள்: "அக்கா, நம்ம சிலையில புத்தகம் எந்தக் கையில இருக்கு?"

எங்களில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனோம். கம்பிக்கூண்டுக்குள் எட்டிப் பார்த்தோம். வலது கை விரல் நீட்டியிருந்தது. புத்தகம் இடது கையில், மார்போடு சேர்ந்து இருந்தது.