ஓரத்தில் இடமில்லை

சைக்கிளில் போகிறவரைப் பார்த்துக் கார்க்காரர் முதலில் சொல்வது, “ஓரமாப் போய்யா” என்பதுதான். அடுத்தது, “வீட்ல சொல்லிட்டு வந்தியா?” இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளமான ஹாரன். சென்னையில் வேளச்சேரி, பல்லாவரம், அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் காலை எட்டரை மணிக்கு நின்றாலும் இது காதில் விழும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மெதுவாகப் போகிற வண்டி ஓரமாகப் போனால் என்ன? அந்த ஓரத்தைக் கொஞ்சம் குனிந்து பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். வடிகால் மூடி சாலை மட்டத்திலிருந்து நான்கு விரற்கடை உள்வாங்கியிருக்கும். இல்லையென்றால் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். லாரியிலிருந்து கொட்டிய எம்-சாண்ட் எல்லாம் ஒதுங்குவது ஓரத்தில்தான். அதில் சைக்கிளின் மெல்லிய டயர் ஏறிவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை, வழுக்கிவிடும். அதைத் தாண்டினால் ஆள் ஏற்ற நிற்கிற ஷேர் ஆட்டோ. அதையும் தாண்டினால், யூ-டர்ன் வரை போக மனமில்லாமல் எதிர்த்திசையில் வருகிற பைக். நிறுத்தியிருக்கும் காரின் கதவு எந்த நொடியில் திறக்கும் என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் சைக்கிள்காரர் ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளி வருகிறார். பின்னால் வருகிறவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார். சண்டை இங்கேதான் பிறக்கிறது.

ஹாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் திடீரென்று அடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சைக்கிளில் இருப்பவர் வலப்பக்கமாகத் தலையைத் திருப்பும்போது, தோளும் கையும் கூடவே திரும்பும். ஹேண்டில்பாரும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். எந்த வண்டி அவரை விலகச் சொன்னதோ, அதன் பாதைக்கே அவர் வந்து சேர்கிறார். “குறுக்க வந்து விழுறான் பாரு” என்று உள்ளே ஏசியில் உட்கார்ந்து சொல்வார்கள். வரவழைத்தது அவர்கள் ஹாரன்தான்.

தரமணி சிக்னலுக்குச் சற்று முன்னால் ஒரு மாலையில் பார்த்தேன். செக்யூரிட்டி சீருடை போட்ட பெரியவர், ஹேண்டிலில் ஒயர் கூடை. இடுக்கில் நுழைந்த காரின் இடப்பக்கக் கண்ணாடி அவர் ஹேண்டிலைத் தட்டிவிட்டது. சைக்கிள் சரிந்தது, அவர் முட்டியை ஊன்றி விழுந்தார். காரை ஓட்டியவர் இறங்கி வந்து, மடங்கிய கண்ணாடியை நிமிர்த்தி, கீறல் விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகுதான் கீழே இருந்தவரைப் பார்த்தார்.

“ரோடு என்ன உன்னோடதா?”

“நீங்கதான் சார் இடிச்சீங்க.”

“இந்தக் கண்ணாடி என்ன வெல தெரியுமா?”

பின்னால் ஹாரன்கள் கூடிவிட்டன. எது நியாயம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. வழி விட்டால் போதும். பெரியவர் சைக்கிளைப் பிளாட்பாரத்துக்கு உருட்டிக்கொண்டு போய், முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்து, கோணிப்போன ஹேண்டிலை முறுக்கி நேராக்கினார். கூடையில் சாப்பாட்டு டப்பா மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார். டியூட்டிக்கு நேரமாகியிருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, விலை உயர்ந்த சைக்கிளில் கூட்டமாகப் போகிறவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரை இடித்தால் பத்துப் பேர் நிற்பார்கள், வண்டி எண்ணைப் படம் எடுப்பார்கள், போலீசுக்குப் போவார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். பேப்பர் போடும் பையனுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும், அந்தப் பெரியவருக்கும் அந்தப் பத்துப் பேர் இல்லை. சாலையில் நடக்கும் இந்தத் தகராறில் ஒரு பக்கம் ஆயிரம் கிலோ இரும்பும் இன்சூரன்சும் இருக்கின்றன. மறுபக்கம் ஒரு முழங்கால்.

இது தமிழ்நாட்டில் நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நாடே அதைத் திரும்பிப் பார்த்தது. இன்றும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. ஓட்ட இடம் எங்கே? நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையே ஏற்றுக்கொண்டது. 2017இல் மத்திய அரசு வெளியிட்ட ஓட்டுநர் விதிமுறைகளும், நடப்பவர், சைக்கிள்காரர், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போட்டுக் காட்டிய எத்தனை பேருக்கு இந்த வரி சொல்லித் தரப்பட்டது? பிரிட்டனில் 2022இல் திருத்திய சாலை விதிகள், சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விடச் சொல்கின்றன. ‘தனிக் கவனம்’ என்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம் சொல்லலாம். ஒன்றரை மீட்டரை அளந்து பார்க்க முடியும்.

சைக்கிள்காரர்கள் மேல் தவறே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. டைனமோ போன பிறகு இரவில் விளக்கே இல்லாமல் வருகிறார்கள். பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இருப்பதில்லை. சிக்னலில் நிற்காதவர்களும் இருக்கிறார்கள். திருத்த வேண்டிய பழக்கங்கள்தான். ஆனால் அவர்கள் தவறினால் பெரும்பாலும் அடிபடுவது அவர்களே. ஸ்டியரிங் பிடித்தவர் தவறினாலும் அடிபடுவது அவர்கள்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, “ரெண்டு பக்கமும் தப்பு” என்று கைகழுவுவதை நான் ஏற்கமாட்டேன்.

கார் ஓட்டுகிற நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். சைக்கிளுக்கு மிக அருகில் வந்து ஹாரன் அடிக்காதீர்கள். முந்த இடம் இல்லையென்றால் இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே வாருங்கள். பெரும்பாலும் அடுத்த சிக்னலில் இருவரும் சேர்ந்துதான் நிற்கப்போகிறீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கும்போது கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். தப்பித்தவறி இடித்துவிட்டால், கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆளைத் தூக்குங்கள்.