பனியில் பறந்தவர்

கால்கள் இரண்டையும் ஒரு பலகையில் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் இறங்குவதும் ஒரு விளையாட்டா என்று வியந்தபடியேதான் அந்தக் காணொளியைப் பார்க்கத் தொடங்கினேன். தில்லியில் வளர்ந்த எனக்குக் குளிர் தெரியும், பனிமலை தெரியாது.

2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் அது. நெடுக்காகப் பிளந்த குழாயைப் போன்ற பனித்தடம். இருபுறமும் 22 அடி உயரச் சுவர்கள். அமெரிக்க வீராங்கனை குளோயி கிம் கடைசிச் சுற்றுக்காக நின்றார். வயது 17. தங்கப் பதக்கம் அதற்குள் அவருக்கு உறுதியாகிவிட்டிருந்தது. சும்மா சறுக்கி வந்திருந்தாலும் போதும். அவரோ ஒரு சுவரிலிருந்து எழும்பி, வானில் மூன்று முறை சுழன்று இறங்கினார். எதிர்ச்சுவரிலும் உடனே மூன்று முறை சுழன்றார். நூற்றுக்கு 98.25 புள்ளிகள்! கொரியாவில் வாழும் பாட்டி, தம் பேத்தி போட்டியிடுவதை அங்கேதான் முதன்முதலாக நேரில் கண்டார்.

குளோயியின் பெற்றோர் கொரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். தந்தை அழைத்துச் செல்ல, நான்கு வயதில் பலகையேறியவர் குளோயி. மகளைத் தொலைதூர மலைகளுக்குக் காரில் அழைத்துச் செல்வதற்காகவே தந்தை தம் வேலையை விட்டார். 2014 ஒலிம்பிக்குக்கு உரிய திறமை குளோயியிடம் இருந்தது; வயதுதான் போதவில்லை. 2022இல் பெய்ஜிங்கிலும் தங்கம் வென்றார்.

இவை பலரும் அறிந்த செய்திகள். 2021இல் அவர் அளித்த நேர்காணலொன்றைப் பின்னர் படித்தபோதுதான் நான் திடுக்கிட்டேன். 13 வயதில் பெரிய போட்டியொன்றில் பதக்கம் வென்றதும், அவருடைய இனத்தை இழித்துச் சிலர் செய்தி அனுப்பினராம். நாணிய அச்சிறுமி, பொது இடங்களில் பெற்றோருடன் கொரிய மொழியில் பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

எனக்கு என் பள்ளி வாயில் நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் ஒருநாள், அழைத்துச் செல்ல வந்த அம்மா, "கண்ணு, சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லையே?" என்று உரக்கக் கேட்டார். தோழியர் அந்த ஒலியை அப்படியே நடித்துக்காட்டிச் சிரித்தனர். நான் அம்மாவுக்கு இந்தியில் விடையளித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதே கேள்வியைத் தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், மெல்லிய குரலில் கேட்டார். பள்ளிப் படிப்பு முடியும்வரை வீட்டுக்கு வெளியே எங்களுக்குள் தமிழ் இல்லை.

நேர்காணலைப் படித்த அன்று மாலை, மெட்ரோ ரயிலில் நின்றபடி அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அலுவலகக் கதை, ஊரிலிருந்து வரவிருக்கும் பாட்டி, இரவுச் சமையல் என எல்லாவற்றையும் தமிழிலேயே பேசினேன். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பக்கத்தில் யாரும் இல்லையா?" என்றார்.

பெட்டியில் நிற்கவும் இடமில்லை.

"நிறையப் பேர் இருக்கிறார்கள், அம்மா. நீங்கள் சொல்லுங்கள், இன்றைக்கு என்ன குழம்பு?" என்றேன்.