தோல் பதனிடுகிறவன் வீடு

அப்போஸ்தலர் நடபடிகளில் எனக்குப் பிடித்த விலாசம் ஒன்று உண்டு. யோப்பா பட்டணம், கடலோரம், தோல் பதனிடும் சீமோன் வீடு. பேதுரு அங்கேதான் பல நாள் தங்கியிருந்தார். ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் ஆட்கள் அவரைத் தேடி வந்ததும் அந்த வீட்டு வாசலுக்குத்தான். யூதர்கள் ஒதுக்கி வைத்த தொழில், மூக்கைப் பொத்த வைக்கும் வாடை. சுவிசேஷம் புறஜாதியாரிடம் போகக் கதவு திறந்தது அங்கே என்றால், மற்ற ஊர்களில் பிரசங்கியார் விளக்கித்தான் ஆகணும். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சொன்னவுடனே புரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்குகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர்.

நான் பேங்க் மாற்றலில் வந்தவன். கேம்ப்பில் இருக்கும் சித்தி வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். வருகிறவர்களில் பாதிப் பேர் தாராவிக்காரர்கள். மறுசீரமைப்பு ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனதிலிருந்து இங்கே ஒரே பேச்சுதான். தகுதி இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு, மற்றவர்களுக்கு வெளியே. யாருக்கு எந்த மூலையோ! போன வாரம் சித்தி கேட்டார்கள்: "ஏய்யா, ஆளுக்கொரு பக்கமா போயிட்டா சபைன்னு ஒண்ணு இருக்குமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஸ்தேவானைக் கொன்ற பிறகு எருசலேம் விசுவாசிகள் சிதறி ஓடினார்கள். அப்படி ஓடியவர்கள்தான் அந்தியோகியாவில் கிரேக்கரிடமும் பேசினார்கள். அவர்கள் பேர்கூட எழுதப்படவில்லை. 'கிறிஸ்தவர்' என்ற பேர் முதலில் வழங்கியது அந்த ஊரில்தான்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம பாளையங்கோட்டையைப் பாருங்கள். அங்கே முதல் சபைக்கு வித்திட்ட குளோரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்ததால் ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். 1780ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் 40 பேர், பல ஜாதியார். (ரிஜிஸ்தர் என்றால் பேங்க்காரனுக்குக் கண் அங்கேதான் போகும்.) முதல் பேர் குளோரிந்தா. 1785இல் அந்த அம்மா முயற்சியில் கட்டிய கோவில் பிரதிஷ்டையானது. பிறகு உபத்திரவத்தில் வீடு இழந்தவர்களுக்காக 1799இல் டேவிட் சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர்தான் முதலூர். சித்திக்கு அங்கே சொந்தம்கூட உண்டு.

மராட்டியப் பெண் நெல்லைக்குக் கொண்டுவந்ததை நெல்லைக்காரர்கள் மராட்டிய நாட்டுக்கே தூக்கி வந்திருக்கிறார்கள். பெரிய திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. பிழைக்க வந்த இடத்தில் ஜெபம் பண்ணினார்கள். ஆண்டவர் வாக்கு மாறாதவர் என்பதற்கு எனக்கு இந்தக் கணக்குப் போதும்.

சித்தி பொறுமையாகக் கேட்டார்கள். "அதெல்லாம் சரிய்யா, முலுண்ட்ல கொண்டு போட்டா வெள்ளிக்கிழமை ராத்திரி எப்படி வந்து சேருவாங்க?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. சித்தப்பாவின் பழைய கணக்கு நோட்டை எடுத்து, எல்லார் பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். பத்தொன்பது பேர். அப்புறம், பக்கத்து அறை மராத்தி அம்மா பேரையும் சேர்க்கச் சொன்னார்கள். அவர்கள் வருவது பாட்டுக்கு மட்டும்தான்.